இலவசக் கண் பரிசோதனையில் எதை எண்ண வேண்டும்?

கண் பரிசோதனை முகாம் ஒன்று முடிந்ததும் அதை நடத்தியவர்கள் வெளியிடும் அறிக்கையில் பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும். பரிசோதிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர், கண்ணாடி பெற்றவர்கள் இத்தனை பேர், மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் இத்தனை பேர். பள்ளிகளிலும் பொது இடங்களிலும் நடக்கும் இத்தகைய முகாம்களில் தன்னார்வலனாக நின்று பழகியவன் என்ற முறையில், நான்காவதாக ஓர் எண்ணும் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது, கொடுத்த கண்ணாடியை எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கும் அமைப்புகள் குறைவு. கண்ணாடியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு பணி முடிந்துவிட்டதாக எண்ணும் வழக்கம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பார்வை குறித்து வெளியிட்ட அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு வகைப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது என்றும் கூறியது. அந்த 100 கோடியைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஏறத்தாழ 82 கோடியே 60 லட்சம் பேர், வயது ஏறும்போது கிட்ட இருப்பது மங்கும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கிடைக்காதவர்கள். தொலைவில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் கண்ணாடி தேவைப்பட்டும் இல்லாதவர்கள் 12 கோடிக்கும் மேல். கண்புரை அறுவைச் சிகிச்சை கிடைக்காமல் இருப்பவர்கள் ஆறரைக் கோடி. அதாவது, இந்தப் பெருங்கூட்டத்தில் மிகப் பெரும்பாலோருக்கு வேண்டியது அரிய மருந்தோ புதிய கண்டுபிடிப்போ கிடையாது. பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் அணிந்துவரும் ஒரு ஜோடிக் கண்ணாடி. தீர்வு இவ்வளவு எளிதாக இருந்தும் தேவை இவ்வளவு பெரிதாகக் கிடக்கிறதென்றால், இடையில் எங்கோ பாதை அறுந்திருக்கிறது என்றுதான் பொருள். அது எங்கே அறுகிறது என்பதை முகாமில் நின்று பார்த்தால் ஓரளவு புரியும்.

முதலில் குழந்தைகள். பள்ளியில் நடக்கும் பார்வைப் பரிசோதனை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும். சுவரில் ஓர் அட்டை, ஆறு மீட்டர் தொலைவில் தரையில் ஒட்டிய டேப், அதன்மேல் நிற்கும் குழந்தை. 1862-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த முறையின் வழிவந்ததுதான் இன்றும் நாம் பயன்படுத்தும் அட்டை. இயல்பான பார்வை உள்ளவர் ஆறு மீட்டரிலிருந்து படிக்கக்கூடிய வரியை 6/6 என்பார்கள்; அந்த வரியில் உள்ள எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். ஆறு மீட்டரிலிருந்து பார்க்கும்போது அது கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்கு ஆங்கில ‘E’ எழுத்தைப் பல பக்கம் திருப்பி அச்சிட்ட அட்டை உண்டு. அந்த எழுத்தின் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும்.

இவ்வளவு எளிய பரிசோதனையில் எத்தனை வழிகளில் தவறு நேரலாம் என்பதைக் குழந்தைகளே கற்றுக்கொடுப்பார்கள். வரிசையில் காத்திருக்கும்போதே முன்னால் நிற்பவன் சொல்லும் விடைகளைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆகவே அட்டையை இடையிடையே மாற்ற வேண்டும், காத்திருக்கும் வரிசையை அறைக்கு வெளியே நிறுத்த வேண்டும். ஒரு கண்ணைக் கையால் மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்ப்பார்கள். இதில் கள்ளத்தனம் ஏதுமில்லை. பள்ளியில் நடப்பது எதுவாயினும் அதைத் தேர்வு என்று நினைத்து எப்படியாவது தேறிவிட முயலும் குழந்தை மனம் அது. விரலை அழுத்தி மூடினாலோ, பிறகு அந்தக் கண்ணைத் திறக்கும்போது சில நொடிகள் மங்கலாகத் தெரியும், அதனால் விடை தவறும். கண்ணை மறைக்க ஒரு கருப்பு அட்டைக் கரண்டி இருந்தால் இந்தத் தொல்லை தீரும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் குழந்தைக்கு இன்னும் இரண்டு வரிகள் கூடுதலாகத் தெரியும். சிறு துளை வழியே பார்ப்பதால் வரும் தெளிவு அது. அதே தத்துவத்தில்தான் பின்ஹோல் பரிசோதனையும் நடக்கிறது. ஊசித்துளையுள்ள அட்டையைக் கண்முன் பிடித்ததும் பார்வை தெளிவடைந்தால் குறை பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகக்கூடியது. தெளிவடையாவிட்டால் கண்ணுக்குள் வேறு ஏதோ இருக்கிறது, மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இரண்டு கண்களையும் தனித்தனியே சோதிப்பது ஏன் என்று ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பார்கள். ஒரு கண் நன்றாகவும் மறு கண் மங்கலாகவும் இருக்கும் குழந்தை ஓடியாடும், படிக்கும், பந்து பிடிக்கும். வீட்டிலோ வகுப்பிலோ யாருக்கும் ஐயமே வராது. ஆனால் பிறந்தது முதல் சுமார் ஏழெட்டு வயதுவரை மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து வரும் பிம்பம் தொடர்ந்து மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். சோம்பேறிக் கண் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த நிலைக்குச் சிறு வயதில் கண்ணாடியும், நல்ல கண்ணைச் சிறிது நேரம் ஒட்டி மூடும் பயிற்சியும் நல்ல பலன் தரும். மிதமான குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மூடினாலே ஆறு மணி நேரம் மூடுவதற்கு ஈடான முன்னேற்றம் வருவதாக 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். வயது ஏற ஏறப் பலன் குறைகிறது. இருபது வயதில் அதே மனிதருக்கு எவ்வளவு நல்ல கண்ணாடி கொடுத்தாலும் அந்தக் கண் முழுமையாகத் தெளிவடைவது அரிது. ஆகவே, பள்ளிப் பரிசோதனையை உயர் வகுப்பிலிருந்து தொடங்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதாக இருந்ததில்லை. பெரிய பிள்ளைகள் சொன்னபடி நிற்பார்கள், வேலை விரைவாக முடியும் என்பது உண்மைதான். ஆயினும் காலம் கடந்தால் மீட்க முடியாத குறை இருப்பது சின்னஞ்சிறு வகுப்புகளில்.

எழுத்து அட்டைக்கு ஒத்துழைக்காத வயதுக் குழந்தைகளுக்கு வீடு, வட்டம், சதுரம், ஆப்பிள் என்று உருவங்கள் கொண்ட லியா அட்டை இருக்கிறது; பின்லாந்தின் லியா ஹூவரினென் என்ற கண் மருத்துவர் வடிவமைத்தது. அதற்கும் சிறியவர்களுக்கு, கேமரா போன்ற ஒரு கருவியை ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் பிடித்தால், இரு கண்களின் பவர் வேறுபாட்டையும் மாறுகண் அறிகுறியையும் சில நொடிகளில் சொல்லிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் தனி வகை. அவர்களுடைய விழித்திரையை, பிறந்து ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குள் பயிற்சி பெற்ற கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பிந்தினால் நிரந்தரப் பார்வையிழப்பு நேரலாம் என்பதால் இதை முகாமுக்காகக் காத்திருக்க வைக்கவே கூடாது. குழந்தையின் கருமணியில் வெள்ளையாக ஏதேனும் மினுங்கினாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

இனி பாதை அறுகிற இடம். பரிசோதனையில் தவறிய குழந்தையின் கையில் ஒரு சீட்டு கொடுக்கப்படுகிறது. ‘இக்குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டவும்’ என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டு புத்தகப் பையின் அடியில் கசங்கி, பென்சில் சீவிய தூளோடு கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சீட்டு வீட்டை அடைந்தாலும் பெற்றோருக்குக் குழந்தையின் பார்வையில் குறை எதுவும் தெரிவதில்லை; குழந்தையும் குறை சொல்வதில்லை, ஏனெனில் உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும், போய்வரும் செலவு ஆகும், கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதால் குழந்தை அன்று முழுவதும் படிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறைக்காக இத்தனையையும் செய்ய எந்த ஏழைக் குடும்பம் உடனே எழுந்து புறப்படும்?

கென்யாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. சில பள்ளிகளில் வழக்கமான அட்டையால் பரிசோதித்து எழுத்துச் சீட்டு கொடுத்தார்கள். வேறு சில பள்ளிகளில் ஆசிரியர்கள் கைபேசிச் செயலியால் பரிசோதித்தார்கள். அதோடு, அந்தக் குழந்தைக்கு வகுப்பறை எப்படி மங்கலாகத் தெரிகிறது என்பதைக் காட்டும் படம் ஒன்றையும் பெற்றோருக்கு அனுப்பி, குறுஞ்செய்தியால் நினைவூட்டினார்கள். முதல் வகைப் பள்ளிகளில் பரிந்துரைக்கப்பட்ட குழந்தைகளில் 22 சதவீதத்தினர் மருத்துவமனைக்குச் சென்றார்கள். இரண்டாம் வகையில் 54 சதவீதம். குழந்தைகள் மாறவில்லை, மருத்துவமனையும் மாறவில்லை. தன் பிள்ளைக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பதைத் தாயும் தந்தையும் தம் கண்ணாலேயே பார்த்தார்கள், போக வேண்டிய நாளை யாரோ ஒருவர் நினைவூட்டினார். செயலி இல்லாத சிறிய அமைப்புகளும் இதைச் செய்யலாம். பெற்றோரின் கண்முன் தகுந்த பவர் கொண்ட ஒரு லென்ஸைப் பிடித்து, ‘உங்கள் பிள்ளைக்கு இந்தச் சுவர் இப்படித்தான் தெரிகிறது’ என்று காட்டினால் போதும். அதன்பிறகு விளக்கம் தேவைப்படாது. பெரும்பாலும் தாய்மார்கள் சிறிது நேரம் ஒன்றும் பேச மாட்டார்கள், பிறகு எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்று கேட்பார்கள்.

நோய்களைத் தேடிக் கண்டறியும் பொதுப் பரிசோதனைகளுக்கு 1968-இலேயே வில்சன், யுங்னர் ஆகிய இருவரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக நெறிகளை வகுத்தார்கள். கண்டறியப்படுபவர்களுக்கு ஏற்றுக்கொள்ளத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், அதைத் தருவதற்கான வசதியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். இவற்றை நிறைவேற்றாத முகாமை நடத்தாமலிருப்பதே நல்லது என்று நான் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட இதாவது நடக்கட்டுமே என்பது அவர்கள் வாதம். குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதற்கு வழி காட்டாமல் போனால், அடுத்த முறை உண்மையான உதவி வரும்போதும் மக்கள் நம்ப மாட்டார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கண்ணாடி கொடுத்த பிறகும் பாதை ஒருமுறை அறுகிறது. சீனாவின் மேற்குப் பகுதிக் கிராமப் பள்ளிகளில் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், கிட்டப்பார்வை உள்ள மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தபோது அவர்களுடைய கணிதத் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் முன்னறிவிப்பின்றி வகுப்புக்குச் சென்று பார்த்தபோது, இலவசக் கண்ணாடி பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை அணிந்திருந்தார்கள். ஏன் அணியவில்லை என்று குழந்தைகளிடம் அமர்ந்து கேட்டால் காரணங்கள் எல்லாம் நியாயமாகவே இருக்கும். ஃபிரேம் பெரிது, குனிந்தால் விழுகிறது. காதுக்குப் பின்னால் வலிக்கிறது. ‘நாலு கண்ணா’ என்று கூப்பிடுகிறார்கள். உடைந்துவிட்டது, சொன்னால் அடி விழும் என்று ஒளித்து வைத்திருக்கிறேன். பாட்டி போடக்கூடாது என்கிறார், போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகுமாம்.

இந்தக் கடைசிக் காரணம் எல்லா நாடுகளிலும் உண்டு; அந்த நம்பிக்கை தோன்றியதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்கு வளர வளரக் கண்ணும் நீள்வதால் பவர் ஏறுகிறது. கண்ணாடி போட்டதும் பவர் ஏறியது என்று பார்ப்பவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி போடாவிட்டாலும் அது ஏறத்தான் செய்யும் என்பதைப் பாட்டியிடமே நேரில் சொல்ல வேண்டும். குழந்தையிடம் சொல்லி அனுப்பினால் வேலைக்காகாது. ஃபிரேம் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. ஒரே நிறத்தில், ஒரே அளவில், மலிவாக மொத்தமாக வாங்கிய ஃபிரேமைக் கொடுத்தால், இலவசக் கண்ணாடி பெற்ற பிள்ளை என்ற அடையாளத்தை முகத்தில் மாட்டி அனுப்புவதாகத்தான் அது முடியும். நாலைந்து நிறங்களைப் பரப்பி, ஒரு கைக்கண்ணாடியையும் வைத்து, ‘உனக்குப் பிடித்ததை நீயே எடு’ என்று விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பைப் போட்டுப் பார்க்கும், கழற்றும், நீலத்தைப் போடும், தோழியைத் திரும்பிப் பார்க்கும், மறுபடியும் சிவப்புக்கே வரும். வரிசை நகரவில்லையே என்று பின்னால் நிற்பவர்கள் பரபரப்பார்கள். ஆனாலும் முகாமில் மிகப் பயனுள்ளதாகச் செலவான நிமிடங்கள் அவைதாம்.

எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்துவிடும் ஆர்வமும் ஆபத்தானதே. மிகச் சிறிய பவர் உள்ள குழந்தைக்கு அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் வேறுபாடு தெரியாது. இரண்டு நாளில் கழற்றி வைத்துவிடும். அதைப் பார்க்கும் அடுத்த வீட்டுக் குழந்தை, உண்மையிலேயே தேவைப்படும் குழந்தை, தானும் கழற்றி வைக்கும். பழைய கண்ணாடிகளைச் சேகரித்து அனுப்பும் நல்ல மனம் கொண்டவர்களிடமும் பணிவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வாறு நன்கொடையாக வந்த கண்ணாடிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், பயன்படுத்தத் தக்க நிலையில் இருந்தவை 7 சதவீதம்தான். கீறல், உடைந்த காது, யாருக்கும் பொருந்தாத பவர் என்று மற்றவை கழிந்தன. அவற்றைப் பிரித்து, கழுவி, பவர் அளந்து, பொருத்தமான முகம் தேடுவதற்கு ஆகும் உழைப்பில் புதிய கண்ணாடியே செய்துவிடலாம். பிறர் அளவுக்குத் தைத்த சட்டையைக் கொடுத்து உடம்பைச் சரிசெய்துகொள் என்பது போன்றதுதான் இது.

பெரியவர்களின் நிலை வேறு. நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல நெகிழ்வை இழப்பதால் கிட்ட இருப்பது மங்கத் தொடங்கும். இது நோயன்று, நரை போன்று வந்தே தீரும் ஒன்று. ஆனால் முகாமுக்கு வரும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், ‘நான் என்ன படிக்கவா போகிறேன், எனக்கு எதற்குக் கண்ணாடி?’ என்று சொல்லி விலகிவிடுவார்கள். அவர்களிடம் அட்டையை நீட்டாமல் ஊசியையும் நூலையும் நீட்டிப் பாருங்கள். கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, வெளிச்சத்தைத் தேடித் திரும்பி, நாலைந்து முறை தவறிய பிறகு அருகில் நிற்கும் சிறுமியிடம் நூலைக் கொடுப்பார்கள். பிறகு +2 பவர் கொண்ட கண்ணாடியை மாட்டிவிட்டால் முதல் முயற்சியிலேயே நூல் நுழையும். மாத்திரை அட்டையில் உள்ள தேதி, கைபேசியில் வந்த எண், பேரக்குழந்தையின் நகம் வெட்டுதல் என்று எழுத்தோடு தொடர்பில்லாத எத்தனையோ வேலைகளுக்குக் கிட்டப் பார்க்கும் கண் வேண்டும்.

இதன் பொருளாதாரப் பயன் அளந்து நிறுவப்பட்டது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு மற்றவர்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பங்களாதேஷ் கிராமங்களில் நடந்து 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில், படிப்புக் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதங்களில் பெறாதவர்களைவிடச் சுமார் 33 சதவீதம் அதிகமாக இருந்தது. இவ்வளவு பயன் தரும் இந்தக் கண்ணாடிக்கு மருத்துவரின் சீட்டுகூடத் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு சுகாதாரப் பணியாளர், 40 சென்டிமீட்டரில் பிடிக்கும் ஓர் அட்டையைக் கொண்டு, ஆயத்தமாகச் செய்துவைத்த நாலைந்து பவர்களிலிருந்து பொருத்தமானதைக் கொடுத்துவிடலாம்.

ஆயினும் பெரியவர்களின் பரிசோதனையை அத்தோடு நிறுத்தக் கூடாது. அட்டையில் கடைசி வரியைப் படித்துவிட்டால் கண் நலமாக இருக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையை முதலில் தின்னும். நடுப்பார்வை இறுதிவரை நன்றாக இருக்கும் என்பதால் 6/6 படிப்பவருக்கும் அந்த நோய் முற்றியிருக்கலாம். நீரிழிவு விழித்திரையைத் தாக்கும் தொடக்க ஆண்டுகளிலும் அப்படித்தான். சர்க்கரை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்கேனும் கண் அழுத்தம் இருந்ததா என்று இரண்டு கேள்விகள் கேட்டு, ஆம் என்பவர்களை விழித்திரைப் படம் எடுக்க அனுப்புவது முகாமின் பணியில் அடங்கும்.

கண்புரைக்கு வருவோம். இதில் இலவசப் பணியின் வரலாறு பெருமைக்குரியது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகளின் கண்ணில் பாய்ந்த அக்ரிலிக் துண்டுகள் அழற்சி ஏற்படுத்தாததைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். அந்த லென்ஸ் ஏழைகளை அடைய நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58-ஆம் வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அதன் துணை அமைப்பான ஆரோலேப் அந்த லென்ஸை மிகக் குறைந்த செலவில் செய்யத் தொடங்கியதும், இலவச அறுவைச் சிகிச்சை என்றால் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் என்ற நிலை மாறியது.

அந்த மருத்துவமனையின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. முகாம்கள் நிரம்பி வழிந்த காலத்தில், தமிழ்நாட்டின் கிராமங்களில் கண் குறை உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வருகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில் விடை ஏறத்தாழ 7 சதவீதம் என்று வந்தது. கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கலாம். அவர்களோ வராத 93 பேரைப் பற்றி யோசித்தார்கள். அதன் பின் உருவானவைதாம் கிராமங்களுக்கு அருகிலேயே ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பார்வை மையங்கள். பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் பரிசோதிப்பார், தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியே நோயாளியோடு பேசி முடிவு சொல்வார், கண்ணாடி அங்கேயே கிடைக்கும். முகாம் ஒரு நாள் வந்து போகும். உடைந்த கண்ணாடியை மாற்றவும், ஓராண்டில் ஏறிய பவரைத் திரும்பப் பார்க்கவும், அறுவைச் சிகிச்சை செய்த கண் மறுபடி மங்கினால் காட்டவும் நிலையான ஓர் இடம் வேண்டும். வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்ல யாருடைய துணையையாவது எதிர்பார்க்க வேண்டியிருக்கும் பெண்களுக்கு அந்த இடம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது மிக முக்கியம். ஏழை நாடுகள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்களுக்கே கண்புரைச் சிகிச்சை குறைவாகக் கிடைக்கிறது.

எண்ணும் முறையும் மெல்ல மாறிவருகிறது. 2021-இல் உலக சுகாதாரப் பேரவை 2030-க்கான இரண்டு இலக்குகளை ஏற்றது. கண்புரை அறுவைச் சிகிச்சையின் பயனுள்ள பரவலை, அதாவது தேவைப்படுவோரில் அதைப் பெற்று நன்றாகப் பார்ப்பவர்களின் விகிதத்தை, 30 சதவீதப் புள்ளிகளும், கண்ணாடியின் பயனுள்ள பரவலை 40 சதவீதப் புள்ளிகளும் உயர்த்த வேண்டும் என்பவை அவை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டும் நன்றாகப் பார்க்க முடியாதவரும், கண்ணாடி வைத்திருந்தும் அதனால் போதிய தெளிவு பெறாதவரும் இந்தக் கணக்கில் வெற்றியாக எண்ணப்பட மாட்டார்கள். அரசுகளிடமே இவ்வாறு கேட்கப்படும்போது, சிறிய தொண்டு அமைப்புகள் மட்டும் பழைய மூன்று எண்களோடு நின்றுவிடுவதற்குக் காரணமில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் சென்று தலை எண்ணினால் போதும்; அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உதிரி ஸ்க்ரூ, மூக்குப் பட்டை, சிறு திருப்புளி ஆகியவற்றோடு செல்பவர் பாதிக் கண்ணாடிகளை அங்கேயே சரிசெய்து முகத்தில் மாட்டிவிட்டும் வரலாம்.

எந்தக் கண்ணாடியாலும் அறுவைச் சிகிச்சையாலும் பார்வை தெளியாதவர்கள் ஒவ்வொரு முகாமிலும் ஒருசிலர் இருப்பார்கள். பிறவியிலேயே விழித்திரை பாதிக்கப்பட்ட சிறுவன், கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெட்ட முதியவர். ‘இதற்கு ஒன்றும் செய்ய முடியாது’ என்று சொல்லி அவர்களை வரிசையிலிருந்து அனுப்பிவிடுவது மிக எளிது. அது உண்மையும் ஆகாது. எஞ்சியிருக்கும் பார்வையைப் பயன்படுத்த உருப்பெருக்கிகள் உண்டு, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கவும் வாசிக்கக் கேட்கவும் வசதி உண்டு, வகுப்பில் முன்வரிசையும் பெரிய எழுத்து வினாத்தாளும் கேட்டுப் பெறலாம், பிரெய்ல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிச் சான்று பெறும் வழி இருக்கிறது. இவற்றை ஏற்பாடு செய்யும் திறன் முகாம் நடத்துபவர்களுக்கு இல்லாமல் போகலாம். அருகில் எங்கே குறைபார்வை சிகிச்சைப் பிரிவு உள்ளது, அங்கே யாரைக் கேட்க வேண்டும், எந்த நாளில் போக வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிய ஒரு தாளாவது அவர்கள் மேசைமேல் இருக்க வேண்டும். அதை வாசித்துச் சொல்லவும், கூட வந்தவரின் கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து அழைக்கவும் ஒருவரை முன்கூட்டியே நியமித்திருக்க வேண்டும்.